அடுத்த சீசனுக்கும் உங்களையே கூப்பிட: காட்டுயிர்க் களப்பணியாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காட்டுயிர் ஆய்வில் களப்பணி என்பது மூன்று மாதம், நான்கு மாதம், மிஞ்சிப்போனால் ஆறு மாத வேலை. மழை ஓய்ந்து பாதை காய்ந்ததும் கேமரா ட்ராப், அதாவது மிருகம் கடந்தால் தானாகவே படம் எடுக்கும் கேமரா, வைக்க ஆள் தேடுவார்கள். பொங்கல் முடிந்தால் ஆனைமலைப் பக்கம் இருவாச்சிப் பறவையின் கூடு பார்க்க ஆள் வேண்டும். சீசன் முடிந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். ஐந்து சீசன் கள உதவியாளராக இருந்துவிட்டு, இப்போது குழுவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். மன்னம்பந்தலிலும் ஊட்டியிலும் வனவிலங்கு உயிரியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அக்கா, போன வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாம வேலை பார்த்தேன். ஏன் திரும்பக் கூப்பிடல?"

பல நேரம் அதற்குக் காரணம் பணம். திட்டத்துக்கு நிதி வரவில்லை, அனுமதி தாமதம், இந்த வருடம் இரண்டு பேர் போதும் என்று ஆகிவிட்டது. அதில் உங்கள் கையில் எதுவும் இல்லை. ஆனால் நிதியும் வந்து, ஆளும் தேவைப்பட்டு, அப்படியும் உங்கள் பெயர் எழவில்லை என்றால் அதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழைய ஆளை ஏன் தேடுகிறார்கள் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை 1988 முதல் இந்திய அறிவியல் கழகத்தினர் கண்காணித்துவருகிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளப்பதுதான் முறை. எளிய வேலைதான். ஆனால் சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கம் நின்று அளப்பதா, பள்ளத்துப்பக்கமா? முண்டு இருந்தால் எங்கே சுற்றுவது? டேப்பை எவ்வளவு இறுக்குவது? இதில் ஆளுக்கு ஒரு பழக்கம் இருந்தால், வளராத மரம் வளர்ந்ததாகவும் வளர்ந்த மரம் சுருங்கியதாகவும் தாளில் வந்துவிடும்.

நெடுங்கால ஆய்வு எதுவானாலும் இந்தக் கவலை உண்டு. கண் மாறினால் கணக்கு மாறும். அதனால் போன வருடம் இருந்த அதே ஆள் கிடைத்தால் எல்லோருக்கும் நிம்மதி. புதிதாக ஒருவரை எடுத்து, பாதை காட்டி, டேட்டா ஷீட் பழக்கி, யானைக் காட்டில் நடக்கப் பழக்குவதற்கு மூன்று வாரமாவது போய்விடும். ஆக, உங்களைத் திரும்பக் கூப்பிடத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் பாதி வேலை.

2. கிளம்பும் முன்பே தொடங்குங்கள்

சேரும் தேதி உறுதியானதும் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: போன சீசனின் டேட்டா ஷீட் ஒன்று, ஆய்வு முறையை விளக்கும் குறிப்பு. வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள். முதல் நாள் வந்து "இந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதுவது?" என்று கேட்பவரைவிட, "கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றால் ஒரே வரியில் எழுதுவதா, இரண்டு வரியா?" என்று கேட்பவர் மனதில் நிற்பார்.

உடம்பைப் பற்றி ஒளிக்காதீர்கள். ஆஸ்துமா, தேனீக் கொட்டினால் ஒவ்வாமை, முட்டிவலி எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். சொன்னதற்காக யாரையும் நான் வேண்டாம் என்றதில்லை. ரோட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே போனபிறகு தெரியவருவதுதான் ஆபத்து.

உடைக்கு மங்கிய பச்சை அல்லது பழுப்பு, அட்டை ஏறாத காலுறை, நடந்து பழகிய ஷூ. புது ஷூவோடு வந்து முதல் வாரமே கொப்புளத்தோடு படுத்தவர்கள் நிறையப் பேர்.

3. டேட்டாவில் கை சுத்தம்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் திரும்பக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

டிரான்செக்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் மெதுவாக நடக்கிறீர்கள். கோடு 110 டிகிரி திசையில் போகிறது. புள்ளிமான் கூட்டம் ஒன்று 140 டிகிரியில் நிற்கிறது. தூரம் அளக்கும் ரேஞ்ச் ஃபைண்டர் 40 மீட்டர் காட்டுகிறது. கோணம் 30 டிகிரி என்பதால் கோட்டிலிருந்து கூட்டம் நிற்கும் செங்குத்துத் தூரம் 20 மீட்டர். இப்போது காம்பஸை எடுக்கச் சோம்பல்பட்டு "ஒரு 45 இருக்கும்" என்று எழுதிவிட்டால் அதே தூரம் 28 மீட்டர் ஆகிவிடும். ஒரு மான்கூட்டத்தில் எட்டு மீட்டர் பெரிய விஷயமில்லை என்று தோன்றும். சீசன் முழுக்க இப்படிக் கூட்டியே எழுதினால், நாம் பார்த்த பரப்பு உண்மையைவிட அகலமாகத் தெரிந்து, அந்தக் காட்டில் இருப்பதைவிடக் குறைவான மான்கள் இருப்பதாகக் கணக்கு சொல்லும். புலிக்கு இரை போதுமா என்று வனத்துறை பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

காம்பஸைப் பிடிக்கும்போது கத்தியும் போனும் கைக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, முள் திரும்பிவிடும். உங்களைப் பார்த்து மான் ஓடினால், ஓடி நின்ற இடத்தை அளக்காதீர்கள். முதலில் பார்த்தபோது நின்ற இடத்தில் ஒரு மரத்தையோ புதரையோ மனதில் குறித்துக்கொண்டு அதை அளக்க வேண்டும். கூட்டம் என்றால் கூட்டத்தின் நடுப்பகுதி.

ஒரு மிருகமும் தென்படாத காலையும் டேட்டாதான். தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை எழுதி, பார்வை 0 என்று போடுங்கள். வெற்றுத் தாளாக விட்டால், நீங்கள் நடந்தீர்களா இல்லையா என்றே மூன்று மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. "பார்க்கவில்லை", "இருந்ததா தெரியவில்லை", "அளக்க முடியவில்லை" மூன்றும் வேறு வேறு. கடமானா காட்டுமாடா என்று தெரியாமல் புதர் மட்டும் அசைந்தால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். தெரியவில்லை என்று எழுதத் தெரிந்தவர் மற்ற வரிகளில் எழுதியதை நான் நம்பலாம்.

ஒரு சீசனில் எங்கள் குழுவில் இருந்த ஒருவரின் தாள்களை மாலையில் புரட்டிக்கொண்டிருந்தேன். தூரம் எல்லாம் 20, 30, 50, 25 என்றே இருந்தது. ரேஞ்ச் ஃபைண்டரில் அளந்தால் 23, 37, 41 என்றும் வரும். எல்லாமே 0, 5 என்று முடிவது கண்ணால் மதிப்பிட்டதன் அடையாளம். ஜிபிஎஸ்ஸைத் திறந்து அவர் நடந்த தடத்தைப் பார்த்தேன். மூன்று நாள் அவர் பாதி வழியோடு திரும்பியிருந்தார். தாளில் முழு இரண்டு கிலோமீட்டரும் நடந்ததாக இருந்தது. அந்த மூன்று நாளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் நடந்த அத்தனை தாள்களையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. நல்ல உழைப்பாளி, பேச்சிலும் இனிமை. அதன்பிறகு அவரைக் கூப்பிட என்னால் முடியவில்லை.

சில பழக்கங்கள்: பென்சிலில் எழுதுங்கள், மழையில் பேனா மை கரையும். தப்பானதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். நினைவிலிருந்து மாலையில் எழுதாதீர்கள், அங்கேயே எழுதுங்கள். அன்று இரவே ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

4. கேமராவைக் கண்போல் பாருங்கள்

புலி கணக்கெடுப்பில் ஒரு இடத்துக்கு இரண்டு கேமரா, பாதையின் இருபுறமும் எதிரெதிராக. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது. இரண்டு பக்கமும் கிடைத்தால்தான் இது எந்தப் புலி என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடியும்.

கேமராவை முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். குனிந்து, புலி நடக்கும் உயரத்தில் நீங்களே முன்னால் ஒருமுறை நடந்து பாருங்கள், படம் விழுகிறதா என்று. முன்னால் ஆடும் புல்லை வெட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடிப் புல் காற்றில் ஆடி ஆயிரக்கணக்கில் வெறும் படங்களை எடுத்து பேட்டரியைத் தீர்த்துவிடும். பழைய பேட்டரியையும் புதியதையும் கலக்காதீர்கள்.

தேதியும் நேரமும்தான் அதிகம் தப்புவது. பேட்டரி மாற்றியதும் சில கேமராக்களில் வருடம் பழையதற்குத் திரும்பிவிடும். மதியம் 2 மணிக்கு வைத்தது நள்ளிரவு 2 என்று பதிவாகும். அப்புறம் பகலில் நடந்த செந்நாய்க் கூட்டம் இரவில் நடந்ததாகக் கணக்கில் ஏறும். இதற்கு ஒரு வழி உண்டு: கேமரா எண், இடம், தேதி, சரியான நேரம் எழுதிய சிலேட்டைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து ஒரு படம் விழவையுங்கள். எடுக்க வரும்போதும் அதையே செய்யுங்கள். நேரம் தவறியிருந்தாலும் அந்த ஒரு படத்தை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். மெமரி கார்டை இரண்டு இடத்தில் பிரதி எடுக்கும்வரை அழிக்கவே கூடாது.

5. தப்பு நடந்தால் அன்றே சொல்லுங்கள்

என் இரண்டாவது சீசனில் ஒரு கேமராவைக் கட்டி, சிலேட் காட்டி, எல்லாம் செய்துவிட்டு, மூடும்போது பட்டன் நகர்ந்து அணைந்துவிட்டது. பதினொரு நாள் கழித்துத்தான் பார்த்தேன். கார்டில் என் சிலேட் படத்துக்குப் பின் ஒன்றுமே இல்லை. அன்று மாலை என் குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். தொண்டை அடைத்தது. அவர் நோட்டை எடுத்து, "எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் பதினொரு நாள் கேமரா ஓடவில்லை என்று கணக்கில் சேர்த்தால் போதும், ஆய்வு கெடாது. மறைத்திருந்தால், அந்தப் பதினொரு நாளும் அங்கே புலியே நடக்கவில்லை என்று ஆகியிருக்கும். அடுத்த வருடம் அவரே போன் செய்து கூப்பிட்டார்.

ஜிபிஎஸ் தண்ணீரில் விழுந்தாலும், தாள் தொலைந்தாலும், தவறான கிரிட்டில் (வரைபடத்தில் பிரித்த கட்டத்தில்) கேமரா கட்டினாலும் இதேதான். சொல்லப்பட்ட தப்பைச் சரிசெய்யலாம்.

6. காட்டில் உங்களுக்கு முன்னால் நடப்பவர்

சத்தியமங்கலம் காட்டில் ஒரு காலை. எனக்கு முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த இருளர் அண்ணா ஒருவர். பாதிக் கோடு நடந்திருப்போம். உண்ணிச்செடி இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல். அவர் கையைப் பின்னால் நீட்டினார்.

"நில்லுங்க அம்மணி. வாடை அடிக்குது."

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டார். தூசி எங்கள் பக்கமே வந்தது.

"எவ்வளவு தூரம் இருக்கும் அண்ணா?"

"தூரம் எதுக்குங்க? திரும்பலாம்."

நூறு அடி திரும்பியிருப்போம், நாங்கள் நின்ற இடத்துக்கு அப்பால் கிளை முறியும் சத்தம் கேட்டது. தாளில் "900 மீட்டரில் நிறுத்தப்பட்டது, யானை" என்று எழுதினேன். அவ்வளவுதான் அன்றைய டேட்டா, அது முழுச் சரியான டேட்டா.

திரும்பக் கூப்பிடும் முன் நாங்கள் இந்த அண்ணன்மாரிடம் கேட்போம். முறையாக இல்லை, டீ குடிக்கும்போது. "அந்தப் பையன் எப்படிண்ணா?" என்று கேட்டால், "சொன்னா கேக்காதுங்க" என்று ஒரு வரி வந்தால் போதும், நான் அந்தப் பெயரை விட்டுவிடுவேன். கோட்டை முடித்தே தீருவேன் என்று அவரையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுகிறவரோடு மறுபடி காட்டுக்குப் போக அவருக்கு மனம் வராது. முதுமலையில் குறும்பரும் காட்டுநாயக்கரும், ஆனைமலையில் காடரும், களக்காடு முண்டந்துறையில் காணிகளும் தலைமுறை தலைமுறையாக அறிந்த காடு அது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உறவு சொல்லிக் கூப்பிடுங்கள், சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுங்கள், அவர் கண்டுபிடித்த கால்தடத்தை நீங்கள் கண்டதாக எழுதாதீர்கள். வழி காட்டுபவராக வந்து, சில சீசன்களில் குழுவின் முதன்மை ஆளாகவே ஆகி, பட்டம் படித்த எங்களைவிட அதிக முறை திரும்பக் கூப்பிடப்பட்டவர்கள் இவர்களில் உண்டு. அதில் எனக்குச் சந்தோஷமே.

முதுமலையை ஒட்டி ஒரு பக்கம் பந்திப்பூர், இன்னொரு பக்கம் வயநாடு. அங்கே தமிழோடு கொஞ்சம் கன்னடமும் மலையாளமும் பேசத் தெரிந்தவருக்கு எப்போதும் வேலை உண்டு.

7. பொறுமை, முக்கியமாக உட்காரும் வேலையில்

நடக்கத் தெரிந்த பலருக்கு உட்காரத் தெரியாது. இருவாச்சிக் கூட்டில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னப் பிளவு மட்டும் இருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். நீங்கள் காலையிலிருந்து மாலைவரை மறைவில் இருந்து, எத்தனை முறை வந்தது, என்ன பழம், எத்தனை என்று எழுத வேண்டும். இடையில் கொசு, அட்டை, மழை. கால் மரத்துப்போய் எழுந்து நின்றாலோ, நல்ல படம் வேண்டும் என்று பத்தடி முன்னால் போனாலோ, ஆண் பறவை உங்களைக் கண்டு கூட்டுக்கு வராமல் வேறு மரத்திலேயே உட்கார்ந்துவிடும். உள்ளே இருப்பதற்குத்தான் பட்டினி. நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்து, கடைசி மணி நேரத்திலும் முதல் மணி நேரம்போல எழுதியிருப்பவரை நாங்கள் விடவே மாட்டோம்.

8. கேம்ப்பில் எப்படி இருக்கிறீர்கள்

ஒரே அறையில் நான்கு பேர், வாரம் ஒருமுறை காய்கறி, சிக்னல் கிடைக்க ஒரு குறிப்பிட்ட பாறை. இங்கே சின்ன விஷயமும் பெரிதாகும். தண்ணீர் தீர்ந்தால் யாரும் சொல்லாமலே பிடித்து வைப்பது, உங்கள் முறைக்குப் பாத்திரம் கழுவுவது, அதிகாலை கிளம்புகிறவர் தூங்கும்போது சத்தம் போடாமல் இருப்பது, இவ்வளவுதான். அடுத்தவரைப் பற்றிப் புறம் பேசுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காட்டுக்குள் அது சுற்றி உடனே வந்து சேரும்.

காட்டிலிருந்து வந்ததும் உடை மாற்றி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியால் பரவுவது, மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அன்றே சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாராவது தவறாக நடந்தால், சொன்னால் அடுத்த சீசன் கிடைக்காதோ என்று பயந்து வாயை மூடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சேரும்போதே அதில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்துக்கு நீங்கள் திரும்பிப் போகவே வேண்டாம்.

9. படத்தை வெளியே விடாதீர்கள்

கேமராவில் புலி விழுந்தால் யாருக்கும் காட்டத் தோன்றும். ஆனால் அந்தப் படம் உங்களுடையது இல்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியோடுதான் குழு உள்ளே போகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட ஒரு படத்தில் பின்னால் தெரியும் பாறையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேட்டைக்காரருக்கு அதுவே வழிகாட்டி. கூட்டின் இடம், கேமரா இருக்கும் இடம், ஜிபிஎஸ் எண்கள் எதையும் வீட்டாரிடம்கூடச் சொல்லாதீர்கள். ஒருவர் செய்யும் தவறால் முழுத் திட்டத்தின் அனுமதியும் போகலாம்.

10. கடைசி வாரம்

எல்லோருக்கும் வீட்டு நினைவு வரும் நேரம் இது. இங்கேதான் பலர் தளர்கிறார்கள். நீங்கள் போகும்முன் ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கேமராவில் கதவு சரியாக மூடவில்லை, எந்தப் பைனாகுலரில் ஈரம் ஏறியிருக்கிறது, எந்தக் கோட்டில் மரம் விழுந்து பாதை மாறியிருக்கிறது, எந்த ஓடையில் மே மாதமும் தண்ணீர் இருக்கிறது. கிழிந்த பையைத் தைத்து வையுங்கள். டேட்டாவைக் கணினியில் ஏற்றும் வேலை மிச்சமிருந்தால் இரண்டு நாள் கூட இருந்து முடியுங்கள். அதற்குச் சம்பளம் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், தப்பே இல்லை. அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

11. சீசன்களுக்கு நடுவே

ஜீப் ஓட்ட லைசென்ஸ் எடுங்கள். முதலுதவி பழகுங்கள். வீட்டுப் பக்கத்துக் குளத்தில் பறவைகளைக் குரலை வைத்து அடையாளம் காணப் பழகுங்கள். க்யூஜிஐஎஸ் என்ற கணினி மென்பொருளில் ஒரு வரைபடம் போடத் தெரிந்தால், சீசன் முடிந்தபின்னும் வேலை நீளும்.

அடுத்த சீசன் தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே செய்தி அனுப்புங்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வர முடியும், போன முறை இருந்த அதே கோடுகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று இரண்டு வரி போதும். கூப்பிட்டபோது வர முடியாது என்றால் இழுத்தடிக்காமல் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள், கூடவே உங்களுக்குத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரின் பெயரையும் சொல்லுங்கள். இப்படிச் சொன்ன ஒரு பெண் அனுப்பிவைத்த அவளுடைய ஜூனியர் இப்போது எங்களோடு மூன்றாவது சீசனில் இருக்கிறான். அவளும் இந்த டிசம்பரில் வருகிறாள்.